பின்னேர வகுப்பும் ரிலீவும்: யாழ்ப்பாண ஆசிரியர் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் தனியார் பாடசாலைக்கோ சர்வதேசப் பாடசாலைக்கோ நேர்முகத்துக்குப் போகிறவர்கள் சம்பளம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். அந்தச் சம்பளம் கிழமைக்கு எத்தனை பாடவேளைக்கு என்று கேட்பவர் குறைவு. நியமனக் கடிதத்திலும் பெரும்பாலும் அது இருக்காது. ஜனவரியில் 24 பாடவேளையோடு தொடங்குகிற நேரசூசி, ஒரு ஆசிரியை பிரசவ விடுமுறையில் போனதும் 30 ஆகிறது. சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் பின்னேர வகுப்பு சேர்கிறது. சனிக்கிழமைச் செயலமர்வு, விடைத்தாள் திருத்தம், விளையாட்டுப் போட்டிக்கு இல்லப் பொறுப்பு என்று வேலை கூடிக்கொண்டே போகும். சம்பளச் சீட்டில் தொகை மட்டும் அப்படியே நிற்கும்.

மேலதிக வேலைக்குக் காசு கேட்க வேண்டுமென்றால், எது மேலதிகம் என்று காட்டத் தொடக்க எண் ஒன்று வேண்டும். அது எழுத்தில் இல்லாதவரை, எவ்வளவு நியாயமான கோரிக்கையும் "இதெல்லாம் ஆசிரியர் கடமைதானே" என்ற ஒரே பதிலில் அடங்கிப்போகும். ஆகவே பாடவேளைக்கு எத்தனை ரூபா என்று பேரம் பேசுவதற்கு முன் அடிப்படைச் சுமையை எழுத வையுங்கள். கீழே வருவதெல்லாம் அதைச் செய்கிற முறை.

முதற்படி: உங்களுக்குச் சம்பளம் தருவது யார் என்று பாருங்கள்

ஒரே ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இருவருக்கு வெவ்வேறு விதிகள் பொருந்தலாம். அரச உதவி பெறும் தனியார் பாடசாலைகளில் சிலருடைய சம்பளத்தை அரசாங்கம் தருகிறது, சிலருடையதை முகாமைத்துவம் தருகிறது. சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள். கல்வி நிலையங்களில், அதாவது ரியூட்டரிகளில், பலர் ஊழியர்களாகவே கணக்கிடப்படுவதில்லை.

அரச ஆசிரியருக்குத் தனி ஒப்பந்தப் பேச்சுவார்த்தை என்று ஒன்று இல்லை. 2014 ஒக்டோபர் 23ஆந் திகதிய 1885/38ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வந்த இலங்கை ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பு, அரச ஊழியருக்கான பொது விதித் தொகுப்பான தாபனக் கோவை, அவ்வப்போது வரும் சுற்றறிக்கைகள் ஆகியவைதான் அவருடைய ஒப்பந்தம். 7.30இலிருந்து 1.30 வரையான பாடசாலை நேரத்துக்குப் பின் அதிபர் வைக்கும் வகுப்புக்குத் தானாக ஒரு கொடுப்பனவு வராது. பரீட்சை மேற்பார்வைக்கும் விடைத்தாள் மதிப்பீட்டுக்கும் பரீட்சைத் திணைக்களம் தனியாகக் கொடுக்கிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் நிதியிலிருந்து பின்னேர வகுப்புக்கு ஏதாவது தருவதாகச் சொன்னால், அந்தத் தீர்மானம் கூட்டக் குறிப்பில் பதியப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பதிவு இல்லாமல் கையில் வாங்கும் காசு பின்னால் கணக்காய்வில் உங்களைத்தான் சிக்கவைக்கும். மேலதிகச் சுமை பற்றிய முறைப்பாட்டை அதிபருக்கு எழுத்தில் கொடுத்துவிட்டு, யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்ற ஐந்தில் உங்களுடைய வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகலாம். தேசிய பாடசாலையென்றால் மத்திய கல்வி அமைச்சுக்கு எழுத வேண்டும். 2021 ஜூலையிலிருந்து ஒக்டோபர் வரை நாடு முழுவதும் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்று சம்பள முரண்பாட்டைப் பேசவைத்தார்கள். அரச சேவையில் பேரம் என்பது அப்படிச் சங்கமாக நடக்கிற காரியம்.

இனி எழுதுவது பெரும்பாலும் முகாமைத்துவத்திடம் சம்பளம் வாங்குபவர்களுக்கு.

இரண்டாம் படி: அடிப்படைச் சுமையை எண்ணில் எழுத வையுங்கள்

எமது பாடசாலைகளில் ஒரு பாடவேளை வழமையாக 40 நிமிடம், நாளுக்கு 8, கிழமைக்கு 40. இந்த 40இல் உங்களுக்கு எத்தனை என்பதுதான் கேள்வி. "முழுநேர ஆசிரியர்" என்று மட்டும் எழுதியிருந்தால் 40உம் உங்களுடையது என்று ஒருநாள் சொல்வார்கள்.

எழுத வேண்டிய வாசகம் இவ்வளவுதான்:

"இந்த மாதச் சம்பளம் கிழமைக்கு 28 பாடவேளைகள் (ஒன்று 40 நிமிடம்), அவற்றுக்கான ஆயத்தம், பாடக்குறிப்பு, கொப்பி திருத்தல், தவணைப் பரீட்சை வினாத்தாள் தயாரித்தலும் திருத்தலும், ஒரு வகுப்புப் பொறுப்பு ஆகியவற்றுக்குரியது. இதற்கு மேற்பட்ட கற்பித்தல் மேலதிக வேலையாகக் கணக்கிடப்படும்."

28 என்பது உதாரணம். உங்கள் பாடத்துக்கும் தரத்துக்கும் ஏற்ப அது மாறும். உயர்தர இரசாயனம் படிப்பிக்கிறவரின் 24, தரம் 3 ஆசிரியையின் 34ஐ விடச் சுகமானது என்று யாரும் சொல்லிவிட முடியாது. செய்முறை ஆயத்தமும் கட்டமைப்புக் கட்டுரை வினாத் திருத்தமும் பாடவேளைக் கணக்குக்குள் தெரிவதில்லை. 38 மாணவர் எழுதிய உயர்தர வினாத்தாளை ஒன்றுக்கு 12 நிமிடம் வைத்துத் திருத்தினால் 456 நிமிடம் போகும். அது பதினொரு பாடவேளைக்கு மேல். ஆகவே ஆய்வுகூடப் பாடங்களுக்கும் உயர்தர வகுப்புக்கும் தொடக்க எண்ணைக் குறைத்துக் கேட்பது நியாயம். கேளுங்கள்.

எண்ணோடு சேர்த்து இன்னும் இரண்டு விடயங்களை எழுத வையுங்கள். மாணவர் தொகைக்கு ஒரு மேல் வரம்பு வேண்டும். இல்லாவிட்டால் ஆசிரியர் ஒருவர் வராத நாளில் 'ஏ' பிரிவையும் 'பி' பிரிவையும் ஒரே மண்டபத்தில் இருத்திவிட்டு, உங்களுக்கு ஒரு பாடவேளைதானே போயிருக்கிறது என்று கணக்குச் சொல்வார்கள். இரண்டு பிரிவுகளைச் சேர்த்து எடுத்தால் இரண்டு பாடவேளை என்று இருக்கட்டும். மற்றது, நேரசூசி தவணை நடுவில் மாறினால் புதிய எண்ணை எழுத்தில் தர வேண்டும் என்பது.

மூன்றாம் படி: "ஏனைய கடமைகள்" என்ற வரியை அப்படியே விடாதீர்கள்

"முகாமைத்துவம் அவ்வப்போது ஒப்படைக்கும் ஏனைய கடமைகளையும் நிறைவேற்ற வேண்டும்." ஏறக்குறைய எல்லா நியமனக் கடிதத்திலும் கடைசிக்கு முதல் பந்தியில் இது கிடக்கும். இரண்டாம் படியில் நீங்கள் கஷ்டப்பட்டு எழுத வைத்த எண்ணை இந்த ஒரு வரி அழித்துவிடக்கூடியது. கடிதத்தில் நான் மிகவும் அஞ்சுகிற வரி இதுதான்.

வரியையே எடுக்கச் சொன்னால் நிர்வாகம் மறுக்கும். ஒரு பாடசாலை இயங்க அப்படி ஒரு வாசகம் தேவை என்பதும் உண்மை. திடீரென்று ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், பெற்றோர் கூட்டம் வைத்தால், "இது என் கடமைப் பட்டியலில் இல்லை" என்று ஆசிரியர் நிற்க முடியாது, நிற்கவும் கூடாது. ஆகவே எடுக்கச் சொல்லாமல் ஒரு வேலி போடுங்கள். அந்த வரியின் முடிவில் இதைச் சேர்க்கக் கேளுங்கள்:

"இக்கடமைகள் ஆசிரியரின் பதவிக்குப் பொருத்தமானவையாகவும், பாடசாலை நேரத்துக்குள் அடங்குபவையாகவும் இருத்தல் வேண்டும். கற்பித்தலும், பாடசாலை நேரத்துக்கு அப்பாற்பட்ட கடமையும் மேலதிக வேலை பற்றிய பந்திக்கு அமைவானவை."

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் வந்தாலும் இதே கருத்தை ஆங்கிலத்தில் சேர்க்கச் சொல்லலாம். பின்னிணைப்பாக ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையொப்பமிட்டாலும் போதும். வாய்ச்சொல்லுக்கும் கையெழுத்துக்கும் காலாவதிக் கட்டளைச் சட்டத்திலேயே வித்தியாசம் இருக்கிறது. எழுத்திலான ஒப்பந்தத்தின் மேல் வழக்கு வைக்க 6 வருடம், எழுதாத ஒப்பந்தத்துக்கு 3 வருடம்.

நான்காம் படி: மேலதிக வேலையை வகை பிரியுங்கள்

எல்லாவற்றையும் "எக்ஸ்ட்ரா" என்ற ஒரே சொல்லுக்குள் போட்டால் எதற்கும் சரியான விலை கிடைக்காது.

ரிலீவ்: வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்ப்பது. மாதத்தில் இரண்டு மூன்று ரிலீவ் எவரும் எடுக்கிறதுதான். அதற்குக் காசு கேட்பது ஆசிரியர் அறையின் நட்பையே கெடுக்கும். ஆனால் அதற்கு ஒரு எல்லை வேண்டும். மாதத்துக்கு 4 ரிலீவ் சம்பளத்துக்குள், ஐந்தாவதிலிருந்து மேலதிகம் என்று எழுதலாம். "மிஸ், ஒரு கிழமைக்கு மட்டும் பாருங்கோ" என்று தொடங்குவது தவணை முழுக்க நீண்டால் அதை ரிலீவ் என்று அழைக்கவே கூடாது. பிரசவ விடுமுறை 84 வேலை நாள். அந்த வகுப்பை நீங்கள் எடுத்தால், பாடத்திட்டத்தை முடிப்பது, கொப்பி திருத்துவது, புள்ளி போடுவது எல்லாம் உங்களுடையதாகிறது. பத்து நாளைத் தாண்டிய பதிற்கடமைக்குத் தனிக் கடிதமும் முழு வீதமும் என்று எழுத வையுங்கள்.

பின்னேர வகுப்பும் சனிக்கிழமை வகுப்பும்: இங்கேதான் நிமிடக் கணக்கு முக்கியம். "ஒரு வகுப்புக்கு இவ்வளவு" என்று பேசிவிட்டு 90 நிமிடம் படிப்பித்தால் இரண்டே கால் பாடவேளைக்கு ஒரு பாடவேளைக் காசு வாங்குகிறீர்கள். இரண்டு மணித்தியாலம் என்றால் அது மூன்று பாடவேளை. 40 நிமிடத்தை அலகாக வையுங்கள், அதற்கு மேற்பட்ட நேரம் விகிதப்படி என்று எழுதுங்கள். போக்குவரத்தும் இதற்குள் வரும். நெடுந்தீவில் படிப்பிக்கிறவருக்குப் பின்னேர வகுப்பு என்பது குறிகட்டுவான் படகைத் தவறவிடுவது. காரைநகருக்கோ பருத்தித்துறைக்கோ திரும்ப வேண்டிய ஆசிரியைக்கு இருட்டுவதற்கு முன் பஸ் வேண்டும். வகுப்பு முடியும் நேரத்தை ஒப்பந்தத்தில் போடுவது காசு கேட்பதைவிட அவசியமான இடங்கள் இவை.

விடுமுறைச் செயலமர்வு, சுற்றுலா, இரவில் தங்கும் முகாம் போன்றவற்றுக்கு நாள் வீதம் பேசுங்கள். இணையவழி வகுப்பென்றால் டேற்றாச் செலவையும், கருவி யாருடையது என்பதையும் எழுதுங்கள். பதிவு செய்யப்பட்ட காணொளியை அடுத்த வருடமும் போட்டுக் காட்டலாமா என்பது இன்னொரு கேள்வி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஊழியர் தன் வேலையின் பகுதியாக உருவாக்கியது, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வேலைகொள்வோருக்கு உரியது. உங்கள் குறிப்புகளும் பதிவுகளும் உங்களுடையதாகவே இருக்க வேண்டுமானால் அந்த "வேறு உடன்பாடு" எழுத்தில் இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: வீதத்தைக் கணக்கிட்டுக் காட்டுங்கள்

"ஏதாவது பார்த்துச் செய்வம் சேர்" என்ற பதிலுக்கு மறுமொழி ஒரு கணக்குத் தாள்தான்.

மாதச் சம்பளம் 60,000 ரூபா, கிழமைக்கு 28 பாடவேளை என்று வைப்போம். வருடத்துக்கு 720,000. அதை 52 கிழமைக்குப் பிரித்தால் 1,456 பாடவேளை, ஒன்றுக்கு ஏறக்குறைய 495 ரூபா. ஆனால் 52 கிழமையும் யாரும் படிப்பிப்பதில்லை. பாடசாலை வருடத்தை 210 நாளாக, அதாவது 42 கிழமையாக எடுத்தால் 1,176 பாடவேளை, ஒன்றுக்கு 612 ரூபா. நிர்வாகம் முதற் கணக்கைத்தான் கொண்டுவரும், விடுமுறைக்கும் சம்பளம் தருகிறோமே என்று சொல்லும். என் பார்வையில் இரண்டாவதுதான் சரி. விடுமுறைச் சம்பளமும் படிப்பித்த பாடவேளைகளால் உழைத்ததுதான். மேலதிக வகுப்பும் பாடசாலை நாட்களில்தான் நடக்கிறது.

இதன் மேல் ஒன்றரை மடங்கு கேட்கலாமா? 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு ஓ.ரி. (மேலதிக நேரக் கொடுப்பனவு) இருக்கிறது. ஆனால் ஒரு பாடசாலை அந்தச் சட்டத்துக்குள் வருமா என்பதில் வாதம் எழும். பாடவேளைக் கணக்கில் ஓடுகிற ஆசிரியரின் நேரம் 45 மணித்தியாலத்தைத் தாண்டியதா என்பதில் இன்னொரு வாதம் எழும். அந்தச் சட்டத்தை நம்பி ஒப்பந்தத்தை வெறுமையாக விடாதீர்கள். ஒன்றரை மடங்கு நாடு அறிந்த அளவுகோல் என்று சொல்லி அதை ஒப்பந்தத்துக்குள்ளேயே கொண்டுவாருங்கள். 612 என்பது 918 ஆகும், 495 என்பது 742 ஆகும். கிழமைக்கு 6 பாடவேளைப்படி பத்துக் கிழமை பின்னேர வகுப்பு எடுத்தால் இந்த இரண்டு கணக்குக்கும் உள்ள இடைவெளி மட்டும் 10,560 ரூபா. பிரிக்கிற எண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை, காசு அங்கேதான் போகிறது.

ஒன்றரை மடங்குக்கு ஒத்துக்கொள்ளாத சிறிய பாடசாலையென்றால், 42 கிழமைக் கணக்கில் ஒரு மடங்கையாவது பிடியுங்கள். அதற்குக் கீழே போனால் உங்கள் வழமையான பாடவேளையை விட மலிவாகப் பின்னேரத்தை விற்கிறீர்கள். காசுக்குப் பதில் ஈடு நேரம் தருவதும் நல்ல ஏற்பாடு. அது அதே தவணைக்குள் எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

சம்பளம் குறைந்த முன்பள்ளி, ஆரம்பப் பிரிவு ஆசிரியைகள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தனியார் துறையின் தேசிய குறைந்தபட்ச மாத வேதனம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. மேலதிக வகுப்புக் காசைக் கூட்டி அந்தத் தொகைக்குச் சரிக்கட்ட விடாதீர்கள்.

ஆறாம் படி: சம்பளச் சீட்டில் அதற்கு என்ன பெயர்?

மேலதிக வேலைக்கு ஒத்துக்கொண்ட பிறகும் நட்டம் வரக்கூடிய இடம் இது. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 வீதம், வேலைகொள்வோரிடமிருந்து 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு வேலைகொள்வோர் 3 வீதம். ஓ.ரி. என்ற பெயரில் வரும் காசுக்கு இவை போவதில்லை. சம்பளமாகவோ நிலையான கொடுப்பனவாகவோ வந்தால் போக வேண்டும். ஆகவே உங்கள் சுமை நிரந்தரமாகவே 28இலிருந்து 34 ஆகிவிட்டால், அதற்கு மாதா மாதம் "மேலதிகம்" வாங்காமல் அடிப்படைச் சம்பளத்தை உயர்த்தக் கேளுங்கள்.

பணிக்கொடையில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்த மாதச் சம்பள ஊழியருக்கு, வேலை முடியும்போது, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். 40,000 அடிப்படையும் 20,000 மேலதிக வகுப்புக் காசுமாகப் பத்து வருடம் வேலை செய்தவர், 40,000த்தின் மேல் கணக்குப் பார்த்தால் 200,000 ரூபாவோடு போவார். 60,000உம் ஒரே சம்பளமாக இருந்திருந்தால் 300,000. கழிவுகளுக்கு முந்திய மாதத் தொகை இரண்டு வழியிலும் ஒன்றுதான். வருடா வருடம் புதுக் கடிதம் தந்து வேலையைத் தொடர வைக்கிற பாடசாலையில் இருந்தால் பழைய கடிதம் ஒன்றையும் எறியாதீர்கள். சேவை தொடர்ச்சியானது என்று காட்ட அவை தேவைப்படும்.

ஏழாம் படி: யார் கேட்பது, எப்போது சொல்வது, வகுப்பு நடக்காவிட்டால் என்ன

மேலதிக வேலையைக் கொடுக்க யாருக்கு அதிகாரம் என்று எழுதுங்கள். பகுதித் தலைவர் சொன்னார் என்று எடுத்த வகுப்பை, நாங்கள் சொல்லவில்லையே என்று அலுவலகம் மறுப்பது வழமை. அதிபர் அல்லது உப அதிபரிடமிருந்து எழுத்திலோ வட்ஸ்அப்பிலோ வர வேண்டும் என்றிருந்தால் போதும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்னணுச் செய்திகளுக்கு அங்கீகாரம் கொடுக்கிறது.

பின்னேர வகுப்புக்கு மூன்று வேலை நாள் முன்னறிவித்தல் கேளுங்கள். மறுக்கிற உரிமையையும் எழுதுங்கள்: கைக்குழந்தை உள்ளவர், வயதான பெற்றோரைப் பார்ப்பவர், தூரப் பயணம் செய்பவர் நியாயமான காரணத்தோடு மறுத்தால் அது ஒழுக்காற்று விடயமாகாது. ஆசிரியத் தொழிலில் பெண்களே கூட என்றிருக்கையில் இந்த வரி இல்லாமல் இருக்கவே கூடாது.

நல்லூர்த் தேர், தீர்த்தம், திடீர் மழை, மின்வெட்டு என்று வகுப்பு நின்றுபோகும் நாட்கள் எமக்குப் பழக்கம். முன்கூட்டித் தெரிந்த விடுமுறைக்குக் காசு கேட்க வேண்டியதில்லை. ஆனால் ஆசிரியர் வந்து காத்திருந்த பிறகு நிறுத்தினால் பாதி என்று ஒரு வரி போடலாம்.

ரியூட்டரியில் படிப்பிக்கிறவர்களுக்கு

இங்கே கணக்கே வேறு. மாணவர் கட்டணத்தில் ஒரு பங்கு உங்களுக்கு, ஒரு பங்கு நிலையத்துக்கு. சண்டை வருவது வீதத்தில் அல்ல, தலை எண்ணுவதில்தான். பதிந்த பிள்ளையா, காசு கட்டிய பிள்ளையா? இலவசக் கார்ட் யாருடைய பங்கிலிருந்து கழிகிறது? சகோதரருக்கு அரைக் கட்டணம் என்று நிலையம் சொன்னால் அந்த நட்டத்தை யார் தாங்குவது? பரீட்சைக்கு முந்திய மீட்டல் வகுப்பு மாதக் கட்டணத்துக்குள்ளா, தனியா? இவற்றை ஒரு தாளில் எழுதி, மாத முடிவில் கட்டணப் பதிவேட்டைப் பார்க்கும் உரிமையையும் சேருங்கள்.

ஊழியரல்லாத ஒருவருக்குக் கற்பித்தலுக்கோ விரிவுரைக்கோ மாதம் 100,000 ரூபாவுக்கு மேல் கொடுத்தால் நிலையம் 5 வீத வரியைப் பிடித்துவைக்க வேண்டும். பிடித்தால் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள், வருட வரிக் கணக்கில் அதைக் கழிக்கலாம். "சுயாதீன சேவை வழங்குநர்" என்று கடிதத்தில் போட்டிருந்தாலும், வரவு நேரம், சீருடை, விடுமுறை அனுமதி, வேறெங்கும் படிப்பிக்கக் கூடாது என்ற தடை என எல்லாவற்றையும் நிலையமே கட்டுப்படுத்தினால், உண்மையில் நீங்கள் ஊழியரா என்ற கேள்வியை எழுப்ப இடமிருக்கிறது. அப்படியானால் சேமலாப நிதியும் பணிக்கொடையும் பின்னால் வரும்.

எட்டாம் படி: பதிவு வையுங்கள்

வடக்கில் தொண்டர் ஆசிரியர்கள் வருடக்கணக்காகப் படிப்பித்துவிட்டு நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் நின்றதை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே தகுதியைவிடப் பலரைத் தடுக்கியது, படிப்பித்ததற்கான சான்று இல்லாததுதான். வரவுப் பதிவேட்டில் பெயர் இல்லை, பாடசாலைச் சம்பவத் திரட்டில் குறிப்பு இல்லை என்றால் உழைத்த வருடங்கள் இல்லாதவையாகிவிடுகின்றன. மேலதிக வகுப்புக்கும் அதே நிலைதான்.

ஒரு சிறிய கொப்பி போதும். திகதி, தரமும் பிரிவும், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், மாணவர் தொகை, யார் சொன்னது. மாத முடிவில் அதை ஒரு பக்கமாக எழுதி, பகுதித் தலைவரின் கையொப்பத்தோடு அலுவலகத்தில் கொடுத்து, பிரதியில் "கிடைத்தது" என்று முத்திரை வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் அதே பக்கத்தைப் படமெடுத்து அதிபருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கைபேசி மாறும்போது செய்திகள் அழியாமல் வேறிடத்தில் சேமித்து வையுங்கள். பாடசாலைக் கணினியில் மட்டும் வைத்திருப்பது பாதுகாப்பில்லை. வேலையை விட்ட மறுநாள் அது உங்கள் கைக்கு எட்டாது.

ஒன்பதாம் படி: கேட்கும் முறை, கிடைக்காவிட்டால் போகும் இடம்

முதற் கடிதம் மரியாதையாகவும் சுருக்கமாகவும் இருக்கட்டும். கோபத்தில் எழுதிய கடிதம் பின்னால் உங்களுக்கு எதிராக வாசிக்கப்படும்.

"மதிப்பிற்குரிய அதிபர் அவர்களுக்கு, எனது நியமனக் கடிதத்தின்படி எனது வேலைச்சுமை கிழமைக்கு 28 பாடவேளைகள். இரண்டாம் தவணை தொடக்கம் கிழமைக்கு 34 பாடவேளைகள் கற்பித்து வருகிறேன். விபரம் இணைக்கப்பட்டுள்ளது. மேலதிகமான 6 பாடவேளைகளுக்குரிய கொடுப்பனவை வழங்குமாறும், இச்சுமை தொடர்வதாயின் சம்பளத்தை மீளாய்வு செய்யுமாறும் தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். 14 நாட்களுக்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்."

நியமனக் கடிதத்தில் எண் இல்லாமலே சேர்ந்துவிட்டவர்கள், சேர்ந்த தவணையின் நேரசூசியைத் தேடி எடுங்கள். இரு தரப்பும் ஏற்று நடந்த தொடக்க நிலை அது என்று காட்டி, இன்றிலிருந்து அதை எழுத்தில் உறுதிப்படுத்தக் கேளுங்கள். அடுத்த ஜனவரியில் கடிதம் புதுப்பிக்கிற நேரம்தான் இதற்கு மிகப் பொருத்தமானது. ஓகஸ்டில், பரீட்சைக்குக் கிட்ட, வகுப்பை நிறுத்துவேன் என்று சொல்லிக் கேட்பதை நான் ஆதரிக்கமாட்டேன். பிள்ளைகளின் வருடம் அது.

தனியாகக் கேட்பதைவிடச் சேர்ந்து கேட்பது பலன் தரும். 7 பேர் சேர்ந்தால் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு சங்கம் பதியலாம். அவ்வளவு தூரம் போகாமலே, ஒரே பாடத்துறை ஆசிரியர்கள் ஒரே கணக்குத் தாளில் கையொப்பமிட்டுக் கொடுத்தால் அதன் எடை வேறு.

பதில் வராவிட்டால் யாழ்ப்பாணத்திலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். வேலையில் இருந்துகொண்டே, சம்பளப் பாக்கி, சேமலாப நிதி கட்டாமை போன்றவற்றுக்குப் போக வேண்டிய இடம் அது. வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்றால் தொழில் நியாய சபைக்கு 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சமாதானம் பேசுகிறோம் என்று மாதங்களைக் கடத்துகிறவர்கள் உண்டு. பேச்சு நடக்கட்டும், திகதியை நீங்கள் எண்ணிக்கொண்டிருங்கள். போகும்போது நியமனக் கடிதம், எல்லாத் தவணை நேரசூசிகள், சம்பளச் சீட்டுகள், சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம், வகுப்புக் கொப்பியின் பிரதிகள், அதிபருக்கு எழுதிய கடிதமும் அதன் பதிவுத் தபால் பற்றுச்சீட்டும், தேசிய அடையாள அட்டை ஆகியவற்றை இரண்டு பிரதியாக எடுத்துச் செல்லுங்கள். மூலப் பிரதியை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வராதீர்கள்.